கிரீன்வுட்டில் ஒரு நடை: துல்சா 1921 படுகொலையின் தெருக்களை நடந்து அறிய முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள துல்சா நகரத்துக்கு வருகிற பலர் கிரீன்வுட் அவென்யூவைப் பார்த்ததும் ஏமாந்துபோகிறார்கள். 'கறுப்பின மக்களின் வால் ஸ்ட்ரீட்' என்று கேள்விப்பட்டு வந்திருப்பார்கள். எதிரே இருப்பதோ, இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு இடையே அடங்கிவிடுகிற ஒரு செங்கல் கட்டட வரிசை, அதன் முடிவில் தலைக்கு மேலே ஓடும் நெடுஞ்சாலை, பக்கத்தில் பேஸ்பால் மைதானம். மற்றதையெல்லாம் 1921-ல் வெள்ளையர் கும்பல் எரித்துவிட்டது என்று தாமே முடிவுசெய்துகொண்டு, சுவரோவியத்தின் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

அந்த முடிவு தவறு. 1921-ல் எரிந்த கிரீன்வுட்டை அதன் மக்கள் மீண்டும் கட்டினார்கள். 1940-களின் தொடக்கத்தில் அங்கே கறுப்பின மக்களுக்குச் சொந்தமான வணிக நிறுவனங்கள் 200-க்கும் மேல் இருந்தன. இன்று நாம் காணும் வெறுமை பெரும்பாலும் இரண்டாவது அழிவின் விளைவு. அதைச் செய்தவர்கள் கையில் தீப்பந்தம் இல்லை, வரைபடம் இருந்தது. இந்த இரண்டு அழிவுகளையும் ஒரே நடையில் பார்க்க வேண்டும் என்பதை வைத்தே கீழுள்ள வழியை வகுத்திருக்கிறேன். உள்ளூர் வழிகாட்டியோடு போனாலும் தனியாகப் போனாலும் இது பயன்படும்.

புறப்படும் முன்: வேண்டிய அளவு வரலாறு

1905-ல் துல்சாவுக்கு அருகே கிளென் பூல் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. சிற்றூராக இருந்த துல்சா சில ஆண்டுகளிலேயே பணம் புரளும் நகரமாகியது. ஓக்லஹோமா 1907-ல் மாநிலமானதும் அதன் சட்டமன்றம் இயற்றிய முதல் சட்டமே ரயில்களில் வெள்ளையரையும் கறுப்பின மக்களையும் பிரித்து உட்காரவைக்கும் சட்டம். ரயில் பாதைக்குத் தெற்கே வெள்ளையர் நகரம், வடக்கே கிரீன்வுட் என்று ஊர் இரண்டாகியது. ஓ.டபிள்யூ. கர்லி என்ற கறுப்பின வணிகர் 1906-ல் வடக்கே 40 ஏக்கர் நிலத்தை வாங்கி, அதைக் கறுப்பின மக்களுக்கு மட்டுமே விற்றார். அங்கேதான் கிரீன்வுட் வளர்ந்தது.

அந்த வளத்தைப் பற்றிப் பேசும்போது மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் விடுதி உரிமையாளர்களும் மட்டுமே நினைவுக்கு வருகிறார்கள். கிரீன்வுட்டின் பணப்புழக்கத்தில் பெரும்பங்கு, பாதைக்குத் தெற்கே வெள்ளையர் வீடுகளில் சமைத்தும் துவைத்தும் கூலி வாங்கிவந்த பெண்களுடையது. தெற்கே உழைத்த அவர்கள் அங்கேயே செலவழிக்க வழியில்லை, கடைகள் அவர்களை மதிக்கவில்லை. ஆகவே அந்தப் பணம் வடக்கே வந்தது. வீட்டு வேலைக்காரர்களுக்கு ஓய்வு கிடைக்கும் வியாழன் மாலைகளில் கிரீன்வுட் அவென்யூ களைகட்டும் என்று முதியவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஒடுக்குமுறையே ஒரு சந்தையை உண்டாக்கிய கதை இது. வழிகாட்டி இதைச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

பிறகு 1921 மே 31 இரவும் ஜூன் 1 பகலும். ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கும்பல் சுமார் 35 பிளாக்குகளை (நான்கு புறமும் தெருக்கள் சூழ்ந்த கட்டடத் தொகுதிகளை) கொள்ளையடித்து எரித்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கில் எரிந்த வீடுகள் 1,256. கொள்ளையடிக்கப்பட்டு எரியாமல் தப்பியவை 215. மாண்டவர் எண்ணிக்கையில் இன்றுவரை முடிவில்லை. அக்கால அதிகாரபூர்வக் கணக்கு நாற்பதைத் தொடவில்லை. 2001-ல் அறிக்கை தந்த மாநில ஆணையம் 300 பேர் வரை இறந்திருக்கலாம் என்ற மதிப்பீடுகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. யாராவது உங்களிடம் ஒரே எண்ணை அடித்துச் சொன்னால், அவர் சொல்லும் மற்றவற்றையும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பது நல்லது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

கிரீன்வுட்டில் நடைப்பயணம் நடத்துகிறவர்களில் பலர் உயிர்பிழைத்தவர்களின் பேரன் பேத்திகள். இன்னொரு பக்கம், நகரச் சுற்றுலாவில் ஒரு பத்து நிமிடத் துணுக்காக மட்டும் கிரீன்வுட்டைச் சேர்த்துக்கொள்கிற நிறுவனங்களும் உண்டு. முன்பதிவுக்கு முன் மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள். நடை எவ்வளவு நேரம்? 1921-க்குப் பிந்தைய ஐம்பது ஆண்டுகளைப் பற்றிப் பேசுவீர்களா? ரயில் பாதைக்குத் தெற்கே உள்ள இடங்களும் அடங்குமா? இரண்டாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். மூன்றாவதற்குப் பெரும்பாலும் 'இல்லை' என்றே பதில் வரும். அதனால் கெடுதல் இல்லை, தெற்குப் பகுதியை முந்தைய நாள் மாலையில் நீங்களே நடந்து முடித்துவிடலாம்.

வழிகாட்டி தம் குடும்பக் கதையைச் சொன்னால் இடைமறித்து ஆண்டுகளைச் சரிபார்க்கும் வேலை வேண்டாம். சந்தேகம் இருந்தால் நடை முடிந்தபின் தனியே கேட்கலாம். நடை முடிவில் அன்பளிப்பு கொடுப்பது அமெரிக்காவில் வழக்கம். அதற்குச் சில்லறை டாலர் நோட்டுகளை வைத்திருங்கள்.

நேரமும் தூரமும்

முழு வழியும் சுமார் 5 கிலோமீட்டர். பெரும்பாலும் சமதளம், நல்ல நடைபாதை. சக்கர நாற்காலியில் வருபவர்கள் ரயில் பாதைக்கு மேலே செல்லும் நடைமேம்பாலத்தின் சரிவை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளட்டும். அருங்காட்சியகத்தையும் சேர்த்தால் அரை நாள் தாராளமாகப் பிடிக்கும். ஏப்ரலும் அக்டோபரும் நடக்க ஏற்ற மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயில் கொளுத்தும். வசந்த காலத்தில் சூறாவளி எச்சரிக்கை வந்தால் நடையை விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், இதில் துணிச்சல் காட்டக் கூடாது. மே மாத இறுதியில் நினைவு நிகழ்ச்சிகள் நடக்கும். அப்போது கூட்டம் மிகுதி, ஆனால் வேறு எப்போதும் கேட்க முடியாத உரைகளும் ஊர்வலங்களும் உண்டு. அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

தெருக்களைப் புரிந்துகொள்ள ஒரு குறிப்பு: மெயின் தெருவுக்குக் கிழக்கே உள்ள அவென்யூக்களுக்கு அமெரிக்காவின் கிழக்கு நகரங்களின் பெயர்கள், பாஸ்டன், சின்சினாட்டி, டெட்ராய்ட் என்று. மேற்கே உள்ளவற்றுக்கு மேற்கு நகரங்களின் பெயர்கள். இது மனத்தில் இருந்தால் வழி தவறாது.

நிறுத்தம் 1: ட்ரெக்சல் கட்டடம் இருந்த இடம்

மெயின் தெருவில் 3-வது, 4-வது தெருக்களுக்கு இடையே தொடங்குங்கள். இங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, கட்டடம் போய்விட்டது. ஆனால் எல்லாம் தொடங்கியது இங்கேதான். மே 30 அன்று டிக் ரோலண்ட் என்ற 19 வயது ஷூ பாலிஷ் போடும் இளைஞர் இந்தக் கட்டடத்தின் லிஃப்டில் ஏறினார். கறுப்பின மக்கள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை இதன் மேல்மாடியில்தான் இருந்தது. லிஃப்டை இயக்கியவர் சாரா பேஜ் என்ற 17 வயது வெள்ளைப் பெண். உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அவர் கால் இடறி அவள் கையைப் பிடித்திருக்கலாம் என்பது பரவலான விளக்கம். அவள் கத்தினாள், அவர் ஓடினார், மறுநாள் கைதானார். பின்னாளில் சாரா பேஜ் வழக்கைத் தொடர மறுத்தார், வழக்கே கைவிடப்பட்டது.

மே 31 மாலை துல்சா ட்ரிப்யூன் நாளிதழ், லிஃப்டில் பெண்ணைத் தாக்கியவன் பிடிபட்டான் என்று முதல் பக்கத்தில் எழுதியது. பின்னாளில் ஆய்வாளர்கள் அந்த இதழைத் தேடியபோது, மைக்ரோஃபிலிமாகப் படமெடுப்பதற்கு முன்பே அந்தச் செய்தி கிழித்தெடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. தலையங்கப் பக்கத்திலும் ஒரு பகுதி இல்லை. செய்தியின் வேறு பிரதி பின்னர் கிடைத்தது, தலையங்கப் பகுதி கிடைக்கவில்லை. ஊரை எரித்தவர்களுக்குப் பின்னால், தடயத்தைக் கிழிக்கப் பொறுமையாக உட்கார்ந்த யாரோ ஒருவரும் இருந்திருக்கிறார்.

நிறுத்தம் 2: நீதிமன்றம் இருந்த இடம்

தெற்கே 6-வது தெருவுக்கு வந்து மேற்கே ஒரு பிளாக் திரும்பினால் போல்டர் அவென்யூ. இந்தச் சந்திப்பில்தான் அன்றைய மாவட்ட நீதிமன்றம் இருந்தது. ரோலண்ட் அதன் மேல்மாடிச் சிறையில் வைக்கப்பட்டார். மாலையில் நூற்றுக்கணக்கான வெள்ளையர் கூடினார்கள், இரவுக்குள் அது ஆயிரங்களாகியது.

கிரீன்வுட்டிலிருந்து ஆயுதத்தோடு கறுப்பின ஆண்கள் இங்கே ஏன் வந்தார்கள் என்று கேட்காமல் இந்த இடத்தைக் கடக்க வேண்டாம். கலவரத்தை அவர்களே தொடங்கினார்கள் என்ற பழைய கதை இந்தக் கேள்வியைத் தவிர்ப்பதில்தான் உயிர்வாழ்கிறது. பதில் முந்தைய ஆண்டில் இருக்கிறது. 1920 ஆகஸ்டில் ராய் பெல்டன் என்ற வெள்ளை இளைஞரை இதே சிறையிலிருந்து ஒரு கும்பல் இழுத்துச் சென்று தூக்கிலிட்டுக் கொன்றது. போலீஸார் அங்கே போக்குவரத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றார்கள். வெள்ளையனுக்கே இந்தப் பாதுகாப்பு என்றால் கறுப்பின இளைஞன் கதி என்ன என்பதை ஊகிக்கக் கிரீன்வுட்டுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. வந்தவர்களில் முதல் உலகப் போரில் பிரான்சில் போரிட்டுத் திரும்பியவர்களும் இருந்தார்கள். சிறையைக் காக்க உதவுகிறோம் என்று மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃபிடம் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். இரவு பத்து மணி அளவில் சுமார் 75 பேர் மறுபடி வந்தபோது, ஒரு வெள்ளையர் ஒரு கறுப்பின வீரரின் துப்பாக்கியைப் பறிக்க முயன்றார். குண்டு வெடித்தது.

ஷெரிஃப் வில்லார்ட் மெக்கல்லோவுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். அவர் லிஃப்டை முடக்கி, படிக்கட்டில் காவல் வைத்து, ரோலண்டை ஒப்படைக்காமல் காப்பாற்றினார். ரோலண்ட் உயிரோடு ஊரைவிட்டு வெளியேறினார். அவருக்காகக் கூடியதாகச் சொன்ன கும்பல், அவர் கிடைக்காதபோது பத்தாயிரம் பேர் வாழ்ந்த ஒரு பகுதியை நோக்கித் திரும்பியது. நகரப் போலீஸ் அந்தக் கூட்டத்திலிருந்தே நூற்றுக்கணக்கானவர்களைச் 'சிறப்புக் காவலர்'களாக நியமித்து ஆயுதம் தந்தது. அமெரிக்க நீதித்துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை இதை ஒருங்கிணைந்த, ராணுவ பாணித் தாக்குதல் என்றே குறிப்பிட்டது. கொழும்பு 1983-ஐ அறிந்த தமிழ் வாசகருக்கு, கும்பலுக்கும் அரசுக்கும் நடுவே உள்ள இந்தக் கோடு எவ்வளவு எளிதில் அழியும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நிறுத்தம் 3: ரயில் பாதை

பாஸ்டன் அவென்யூ வழியாக வடக்கே நடந்தால், பாதைக்கு மேலே நடப்போருக்கான மேம்பாலம் வரும். அதன் நடுவே ஒரு வட்டத்தில் நின்று பேசினால் உங்கள் குரல் உங்களுக்கே எதிரொலிக்கும். 'பிரபஞ்சத்தின் மையம்' என்று பெயரிட்டுச் சுற்றுலாப் பயணிகள் அங்கே நின்று கத்திப் பார்ப்பார்கள். கத்தட்டும். நீங்கள் கைப்பிடிச் சுவருக்கு அருகே வந்து கீழே பாருங்கள்.

1921-ல் ஃபிரிஸ்கோ ரயில் பாதைதான் எல்லைக்கோடு. நள்ளிரவிலிருந்து விடியும்வரை இதன் இருபுறமும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. கிரீன்வுட் ஆண்கள் இரவு முழுக்கக் கும்பலைத் தடுத்து நிறுத்தினார்கள். விடிந்தபோது, ஐந்து மணியைச் சற்றுத் தாண்டி, ஒரு சங்கொலி கேட்டது என்றும் அதையே சைகையாகக் கொண்டு பல முனைகளிலிருந்தும் வெள்ளையர் பாய்ந்தார்கள் என்றும் நேரில் கண்டவர்கள் சொன்னார்கள். மேலே சிறிய விமானங்கள் பறந்தன. பி.சி. ஃபிராங்க்ளின் என்ற கறுப்பின வழக்கறிஞர் 1931-ல் எழுதிவைத்த நேர்சாட்சியக் குறிப்பில், விமானங்கள் வட்டமிட்டதையும் கட்டடங்கள் உச்சியிலிருந்து பற்றி எரிந்ததையும் விவரிக்கிறார். அந்தக் கையெழுத்துப் படி 2015-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

நிறுத்தம் 4: ஆர்ச்சர் – கிரீன்வுட் சந்திப்பு

மேம்பாலத்தைத் தாண்டி ஆர்ச்சர் தெருவில் கிழக்கே நடங்கள். சந்திப்பில் தெரியும் செங்கல் வரிசை 1921-க்கு முற்பட்டதன்று. எரிந்த இடத்திலேயே, எரிந்த சில காலத்திலேயே எழுப்பப்பட்டது.

இங்கே மேலே பார்ப்பதைவிடக் கீழே பாருங்கள். நடைபாதையில் சிறிய உலோகத் தகடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அந்த இடத்தில் இருந்த கடையின் பெயர், 1921-ல் அழிக்கப்பட்டது என்ற குறிப்பு, மீண்டும் திறந்ததா இல்லையா என்ற ஒரு வரி. தையற்கடை, மருந்தகம், உணவகம், வழக்கறிஞர் அலுவலகம். இந்த முழு வழியிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தத் தகடுகள்தான், எந்தச் சிலையும் இவற்றுக்கு ஈடாகாது. தெருவின் ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்பி, ஒன்றுவிடாமல் படியுங்கள். 'மீண்டும் திறக்கவில்லை' என்றவற்றை எண்ணிக்கொண்டே போனால், கட்டடம் மீண்டதும் பிழைப்பு மீண்டதும் ஒன்றல்ல என்பது விளங்கும். கார்கள் வெளியே வருகிற இடங்களில் மட்டும் நிமிர்ந்து பார்த்து நடங்கள்.

தெருவின் பெயர்களில் சிலவற்றையாவது மனத்தில் வையுங்கள். லூலா வில்லியம்ஸும் அவர் கணவர் ஜானும் நடத்திய ட்ரீம்லாண்ட் திரையரங்கம். ஜே.பி. ஸ்ட்ராட்ஃபோர்டின் 54 அறை விடுதி. அடிமையின் மகனாகப் பிறந்து வழக்கறிஞரான ஸ்ட்ராட்ஃபோர்ட், கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டு ஊரைவிட்டுத் தப்பினார். 1935-ல் சிகாகோவில் இறந்தார். அந்தக் குற்றச்சாட்டு திரும்பப் பெறப்பட்டது 1996-ல். மருத்துவர் ஏ.சி. ஜாக்சன், நாட்டின் தலைசிறந்த கறுப்பின அறுவை மருத்துவர்களில் ஒருவர் என்று மதிக்கப்பட்டவர், தம் வீட்டு முன் கைகளை உயர்த்திக்கொண்டு வெளியே வந்தபோது சுடப்பட்டு இறந்தார். இந்த எரிப்புக்கும் கொலைகளுக்கும் எந்த வெள்ளையரும் சிறைக்குப் போகவில்லை.

இந்தத் தெருவில் இன்றும் கடைகள் இயங்குகின்றன. உள்ளே போய் ஒரு காபியோ புத்தகமோ வாங்குங்கள். கடைக்காரரிடம் "உங்கள் குடும்பத்தில் யாராவது இறந்தார்களா" என்று கேட்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவர் வியாபாரம் செய்ய நிற்கிறார், சாட்சி சொல்ல நிற்கவில்லை.

நிறுத்தம் 5: கிரீன்வுட் ரைசிங் அருங்காட்சியகம்

அதே சந்திப்பில், 2021-ல் திறக்கப்பட்டது. நேரங்களையும் டிக்கெட்டையும் முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள். மறு உருவாக்கம் செய்யப்பட்ட முடிதிருத்தகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, ஒளியுருவங்கள் பேசுவதைக் கேட்கலாம். அந்தப் பகுதி நன்றாக இருக்கிறது. படுகொலையைச் சித்திரிக்கும் கூடம் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதன்று. குடும்பத்தோடு போகிறவர்கள் நுழைவிலேயே ஊழியரிடம் கேட்டு வழியைத் தீர்மானிப்பது நல்லது.

நிறுத்தம் 6: நெடுஞ்சாலையின் அடியில்

கிரீன்வுட் அவென்யூவில் வடக்கே சில நிமிடம் நடந்தால் இன்டர்ஸ்டேட் 244 நெடுஞ்சாலையின் பாலம் வரும். பெரும்பாலான குழுக்கள் சத்தம் தாங்காமல் விரைந்து கடந்துவிடும் இடம் இது. இங்கேதான் நின்று நிதானிக்க வேண்டும்.

படுகொலை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 7 அன்று நகர ஆட்சிக் குழு ஒரு தீயணைப்பு விதியை நிறைவேற்றியது: கிரீன்வுட்டின் பெரும்பகுதியில் இனித் தீப்பிடிக்காத பொருள்களால்தான் கட்டலாம், கட்டடம் இரண்டு மாடியாவது இருக்க வேண்டும். கையில் ஒரு டாலரும் இல்லாதவர்களிடம் இப்படிச் சொன்னால், நிலத்தை விட்டுப் போ என்றே பொருள். ரயில் பாதையை ஒட்டிய அந்த நிலம் ரயில் நிலையத்துக்கும் தொழிற்கூடங்களுக்கும் வேண்டியிருந்தது. தம் அலுவலகமும் எரிந்துபோன பி.சி. ஃபிராங்க்ளின் கூட்டாளிகளோடு ஒரு கூடாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, அந்த விதியை நீதிமன்றத்தில் முறியடித்தார். அவர் கூடாரத்தில் இருக்கும் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கானோர் 1921–22 குளிர்காலத்தைக் கூடாரங்களிலேயே கழித்தார்கள்.

காப்பீடு கைகொடுத்திருக்கும் என்று நினைப்போம். பத்திரங்களில் 'கலவரத்தால் ஏற்படும் சேதம் அடங்காது' என்று ஒரு வரி இருந்தது. திரையரங்கும் விடுதியும் இழந்த வில்லியம் ரெட்ஃபெர்ன் என்ற வெள்ளை வணிகர் தொடுத்த வழக்கில், 1926-ல் ஓக்லஹோமா உச்ச நீதிமன்றம் காப்பீட்டு நிறுவனத்துக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. அத்துடன் மற்றவர்களின் நம்பிக்கையும் முடிந்தது. நகராட்சியிடம் கொடுத்த இழப்பீட்டு மனுக்களும் நிராகரிக்கப்பட்டன. விலக்காக, கடையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட துப்பாக்கிகளுக்காக ஒரு வெள்ளைக் கடைக்காரருக்கு மட்டும் பணம் கிடைத்தது.

இவ்வளவையும் மீறித்தான் மீண்டும் கட்டினார்கள். அந்தக் கட்டடங்களைத்தான் 1960-களின் பிற்பகுதியிலும் 70-களிலும் 'நகரப் புதுப்பிப்பு' என்ற திட்டமும் இந்த நெடுஞ்சாலையும் சேர்ந்து இடித்தன. சில பிளாக்குகள் தள்ளிக் கட்டியிருக்க முடியாதா என்று கேட்கலாம். அமெரிக்கா முழுக்க அந்தக் காலத்து நெடுஞ்சாலைகள் கறுப்பின மக்களின் குடியிருப்புகளைத் தேடிப் பிடித்தாற்போலப் பிளந்து சென்றன, துல்சா அதற்கு விலக்கில்லை. எரித்தவர்களைப் பேசும்போது எல்லாருக்கும் கோபம் வருகிறது. பொறியாளர் போட்ட கோட்டைப் பேசும்போது யாருக்கும் முகம் தெரிவதில்லை. பாலத்தின் தூண்களுக்கு நடுவே நின்று இரு திசைகளிலும் பாருங்கள்: தெற்கே மிஞ்சிய ஒரு வரிசைக் கட்டடங்கள், வடக்கே புல்வெளியும் பல்கலைக்கழக வளாகமும் வாகன நிறுத்தங்களும்.

வழிகாட்டி இங்கே பேசத் தொடங்கினால் அருகில் நெருங்கி நில்லுங்கள், லாரிகளின் இரைச்சலில் பாதி கேட்காது.

நிறுத்தம் 7: வெர்னன் தேவாலயமும் மவுண்ட் சயனும்

பாலத்தைத் தாண்டியதும் வெர்னன் ஏ.எம்.இ. (ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல்) தேவாலயம். மேலே உள்ள கட்டடம் பின்னர் எழுப்பப்பட்டது, ஆனால் அதன் அடித்தளக் கூடம் 1921-ஐத் தாண்டி நின்றது. கிரீன்வுட் அவென்யூவில் படுகொலைக்கு முன்பிருந்து இன்றும் எஞ்சியிருப்பது அதுதான். இது இயங்கும் வழிபாட்டிடம். அடித்தளத்தைப் பார்க்க விரும்பினால் முன்கூட்டித் தொடர்புகொண்டு அனுமதி கேளுங்கள், ஞாயிறு காலையில் கேமராவோடு போய் நிற்காதீர்கள். எதிரே கிரீன்வுட் பண்பாட்டு மையமும், அழிந்த வணிகங்களின் பெயர்கள் பொறித்த கருங்கல் நினைவுச் சின்னமும் உள்ளன. சின்னம் 1996-ல் வைக்கப்பட்டது. எழுபத்தைந்தாம் ஆண்டு வரை இந்த நகரம் பொதுவெளியில் வாயே திறக்கவில்லை. பள்ளிப் பாடத்தில் ஒரு வரிகூடக் காணாமல் வளர்ந்த துல்சாக்காரர்கள் ஏராளம்.

மேற்கே எல்ஜின் அவென்யூவில் மவுண்ட் சயன் பாப்டிஸ்ட் தேவாலயம். 1921 ஏப்ரல் 4 அன்று திறந்துவைக்கப்பட்டு, இரண்டு மாதத்துக்குள் எரிந்துபோனது. கட்டுவதற்கு வாங்கிய 50,000 டாலர் கடன் மட்டும் எரியவில்லை. காப்பீடு இல்லை, திவாலானதாக அறிவித்திருக்கலாம். சபையார் அதைச் செய்யாமல் கஞ்சி குடித்தும் கடனை அடைப்பது என்று முடிவெடுத்து, 1942-ல் கடைசித் தவணையைக் கட்டினார்கள். இல்லாத கட்டடத்துக்கு இருபது ஆண்டுகள் கடன் கட்டியவர்களின் தேவாலயம் இது. இப்போதுள்ள கட்டடம் 1952-ல் எழுந்தது. அருகே உள்ள ஸ்டாண்ட்பைப் குன்று, ஜூன் 1 காலையில் கிரீன்வுட் மக்கள் கடைசியாக எதிர்த்து நின்ற இடங்களில் ஒன்று.

நிறுத்தம் 8: ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் நல்லிணக்கப் பூங்கா

எல்ஜின் வழியே தெற்கே திரும்பி நெடுஞ்சாலையைக் கடந்தால் பூங்கா. பி.சி. ஃபிராங்க்ளினின் மகனான வரலாற்றாசிரியரின் பெயர் இதற்கு. 2010-ல் அர்ப்பணிக்கப்பட்டது. நுழைவில் மூன்று பெரிய வெண்கலச் சிலைகள் உள்ளன, மூன்றும் 1921-ன் புகைப்படங்களைக் கொண்டு வார்க்கப்பட்டவை: ஆயுதம் தரித்த வெள்ளையர், கைகளை உயர்த்திய கறுப்பினத்தவர், குழந்தையை ஏந்திய செஞ்சிலுவைச் சங்க அதிகாரி மாரிஸ் வில்லோஸ். நம்பிக்கையின் உருவமாக ஒரு வெள்ளை அதிகாரியை வைத்தது சரியா என்று உள்ளூரில் சலிப்போடு கேட்பவர்களும் இருக்கிறார்கள். வில்லோஸ் உண்மையாகவே உழைத்தார் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் கூடாரத்தில் உட்கார்ந்த வழக்கறிஞருக்கு அந்த மூன்றாவது பீடம் இன்னும் பொருந்தியிருக்கும் என்பது என் எண்ணம். உள்ளே உள்ள உயர்ந்த கோபுரம், ஆப்பிரிக்காவிலிருந்து தொடங்கி ஓக்லஹோமாவின் கறுப்பின வரலாற்றை அடுக்கடுக்காகச் செதுக்கியிருக்கிறது. பெஞ்சுகள் உண்டு, நிழல் உண்டு. இங்கே உட்கார்ந்து தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள்.

நிறுத்தம் 9: பழைய கன்வென்ஷன் ஹால்

மேற்கே ரீகன்சிலியேஷன் வே தெருவில் நடந்தால், 1914-ல் கட்டிய பெரிய செங்கல் அரங்கம் ஒன்று வரும். இப்போது இசை நிகழ்ச்சிகள் நடக்கும் துல்சா தியேட்டர். ஜூன் 1 அன்று உயிர்பிழைத்தவர்களைக் கைகளை உயர்த்தச் செய்து தெருவில் நடத்திக்கொண்டுவந்து அடைத்த இடங்களில் இதுவும் ஒன்று. பேஸ்பால் திடலிலும் கண்காட்சித் திடலிலும் சேர்த்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டார்கள். ஒரு வெள்ளை முதலாளி வந்து பொறுப்பேற்றால்தான் விடுதலை. வெளியே நடமாட அடையாள அட்டை அணிய வேண்டும். வீட்டை இழந்தவர்கள் சிறையில், எரித்தவர்கள் வெளியே.

இந்தத் தெரு நீண்ட காலம் டேட் பிரேடி என்ற நகர நிறுவனரின் பெயரைத் தாங்கியிருந்தது. அவர் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையின வெறி அமைப்பின் உறுப்பினர். 2013-ல் நகர மன்றம் ஒரு தந்திரம் செய்தது: பெயர் 'பிரேடி' என்றே இருக்கட்டும், ஆனால் உள்நாட்டுப் போர்க் காலப் புகைப்படக்காரர் மேத்யூ பிரேடியைக் குறிப்பதாக வைத்துக்கொள்வோம் என்றது. துல்சாவுக்கும் அந்தப் புகைப்படக்காரருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பலகையை மாற்றாமல் மனசாட்சியை மட்டும் மாற்றிக்கொள்ளும் கலையில் இதை மிஞ்ச முடியாது. அதன்பின் இன்னும் சில ஆண்டுகள் கழித்தே இப்போதைய பெயர் வந்தது.

வண்டியில் போக வேண்டிய இடம்: ஓக்லான் கல்லறை

நகர மையத்துக்குத் தென்கிழக்கே, 11-வது தெருவும் பியோரியா அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் உள்ளது. நடக்க முடியாத தூரமன்று, ஆனாலும் நடையின் முடிவில் கால் ஓய்ந்திருக்கும், வாடகைக் கார் நல்லது. பெயரில்லாப் புதைகுழிகளைத் தேடி நகராட்சி 2020-ல் இங்கே தோண்டத் தொடங்கியது. அந்த ஆண்டு அக்டோபரில் வரிசையாகப் புதைக்கப்பட்ட சவப்பெட்டிகள் வெளிப்பட்டன. 2024 ஜூலையில் முதன்முறையாக ஒருவர் மரபணு ஆய்வால் அடையாளம் காணப்பட்டார்: சி.எல். டேனியல், ஜார்ஜியாவைச் சேர்ந்த முதல் உலகப் போர் வீரர். அவர் துல்சாவில் கொல்லப்பட்டதைக் குறிப்பிட்டு அவர் குடும்பத்தின் சார்பில் 1930-களில் ஒரு வழக்கறிஞர் அரசுக்கு எழுதிய கடிதம் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. தோண்டும் பணி நடக்கும் பகுதிகள் வேலியிட்டிருக்கும், அதற்குள் எட்டிப் பார்க்கவோ படமெடுக்கவோ முயல வேண்டாம். திறந்திருக்கும் நேரம் முடிந்தபின் நிற்காதீர்கள்.

இறுதியில் வழிகாட்டியிடம் கேட்க வேண்டியது

வரலாறு முடிந்துவிட்டது என்ற தொனியில் நடை முடிந்தால், இழப்பீட்டைப் பற்றிக் கேளுங்கள். படுகொலையில் உயிர்பிழைத்து நூறு வயதைத் தாண்டிய வயோலா ஃபிளெட்சரும் லெஸ்ஸி பெனிங்ஃபீல்ட் ராண்டிலும் கடைசிவரை நடத்திய வழக்கை 2024 ஜூனில் ஓக்லஹோமா உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2025 ஜூனில், துல்சாவின் முதல் கறுப்பின மேயரான மன்ரோ நிக்கல்ஸ், வீட்டு வசதிக்கும் நிலம் வாங்குவதற்கும் கல்விக்குமாக 10.5 கோடி டாலர் தனியார் நிதி திரட்டும் அறக்கட்டளைத் திட்டம் ஒன்றை அறிவித்தார். அதில் தனிநபர்களுக்கு நேரடிப் பணம் இல்லை. நெடுஞ்சாலையின் இந்தப் பகுதியை அகற்றுவது பற்றியும் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. இவை ஒவ்வொன்றும் நீங்கள் போகும் மாதத்தில் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேளுங்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இதில் ஒரே கருத்து இல்லை. நேரம் கிடைத்தால் இரண்டு பேரிடமாவது கேட்டுவிட்டு ஊர் திரும்புங்கள்.